தேங்காய் எண்ணெயில் கிடந்த டர்போக்கள்

பள்ளிக்கூட வேன் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டதிலேயே உருப்படியானது, கை தவறிப் போட்ட ஒரு படம். மற்றப்படி அந்தக் குழுவில் நான் எழுதுவதெல்லாம் ஏச்சுத்தான். பிள்ளையை நேரத்துக்கு வாசலில் நிறுத்துங்கள், சாப்பாட்டுப் பெட்டியை விட்டுப் போனால் நான் பொறுப்பில்லை, பாணுக்குள் சீனிச் சம்பல் வைத்துக் கொடுத்தால் சீற்றெல்லாம் ஒட்டுகிறது. எங்கள் முந்தல் ஊரில் ஒரு பெண் வேன் ஓட்டுகிறாள் என்று தொடக்கத்தில் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், இப்போது என் வாய்க்குப் பயந்து பிள்ளைகளை முன்கூட்டியே தெருவில் நிறுத்திவிடுகிறார்கள்.

அன்று அந்தப் படம் போக வேண்டியது கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் ஒருவருக்கு. உடைந்த டர்போ ஒன்றின் படம். "இதே மாதிரி ஒரிஜினல் சோடி இருக்கிறதா?" என்று கீழே கேட்டிருந்தேன். அதைத் தாய்மார் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், இது தேங்காய் திருவுகிற மெசினா என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் அழுகிற முகம் போட்டிருந்தார், ஏனென்று இன்றுவரை விளங்கவில்லை. அதற்கும் கீழே, கனமூலையிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஏற்றிவிடுகிற தாய் எழுதியிருந்தார்: "ராத்தா, இதப் போல ரெண்டு கற்பிட்டியில எங்கட பெரியப்பா வீட்டுல இரிக்கி. துணியில சுத்தி வெச்சிரிக்கார். ஒருத்தரையும் தொட உட மாட்டார்."

தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு நானாவின் கராஜுக்கு ஓடினேன்.

நானா என் மூத்த சகோதரர். எங்கள் வளவின் முன்பக்கத்தில், சிலாபம்–புத்தளம் வீதியைப் பார்த்தபடி அவருடைய கராஜ் இருக்கிறது. இறால் பண்ணைக்காரர்களின் பம்புகள், மீன் லொறிகள், தேங்காய் ஏற்றும் ட்ரக்டர்கள் எல்லாம் அங்கேதான் வரும். சோறு போடுவது அவை. ஆனால் அவருடைய உயிர் இருப்பது பின்னால், தகரக் கொட்டகைக்குள். அங்கே ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. வளைகுடாவில் பல வருடங்கள் கராஜ் வேலை செய்துவிட்டு வந்தவர், மற்றவர்கள் காணி வாங்குகிற காசில் அதை வாங்கினார். கல்யாணமும் செய்யவில்லை. காரைக் கட்டிக்கொண்டவனுக்கு எதற்குப் பெண் பார்ப்பது என்று உம்மா கடைசிவரை ஏசிக்கொண்டேயிருந்தார்.

அந்தக் காரின் எஞ்சினில் இரண்டு டர்போக்கள். டர்போ என்றால் என்னவென்று நானா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை சும்மா போகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். வீணாய்ப் போகிற ஒன்றைப் பிடித்து வேலை வாங்குகிற வித்தை. இந்தக் காரில் முதலாவது டர்போ தனியாகத் தொடங்கும், வேகம் ஏறிய பிறகு இரண்டாவது வந்து சேர்ந்துகொள்ளும். இதில் என் வாயைப் பிளக்க வைத்தது வேறொன்று. புகைப் பக்கத்துச் சக்கரம் இரும்பு இல்லை, பீங்கான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பீங்கானை நெருப்புக்குள் வைத்து, கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழல விடலாம் என்று ஒரு மனிதன் நினைத்திருக்கிறான், செய்தும் இருக்கிறான். எங்கள் வீட்டில் பீங்கான் கோப்பை கழுவும்போதே உடைகிறது.

அந்தச் சக்கரமும் ஒருநாள் உடைந்தது. ஒன்று தூளானது, மற்றதன் விளிம்பு தெறித்தது. கார் கொட்டகைக்குள் போனது. கொஞ்சக் காலத்தில் நானாவின் கண்ணும் பழுதாகத் தொடங்கியது. கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது என்று கொழும்பு டாக்டர் சொன்னார். மருந்து விட்டால் மெதுவாகப் போகும், போன பார்வை திரும்பாது. முதலில் ஓரங்கள்தான் போயின. பக்கத்தில் வைத்த சாவியைத் தேடினார், குறுக்கே வந்த பூனையில் இடறினார். டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்று அவர் அழவில்லை. நான்தான் குசினிக்குள் நின்று அழுதேன். பின்னேரம் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"கண் முழுசாப் போறதுக்கு முந்தி அந்தக் கார் ஒருக்காவாவது அதுட சொந்த டர்போவோட ரோட்டுல போகணும் தங்கச்சி."

அதை நான் என் தலையில் எடுத்துக்கொண்டேன். என் நானா ஒருமுறையாவது தன் காரைத் தானே ஓட்ட வேண்டும். வைத்தியர்களோடு என்னால் சண்டை பிடிக்க முடியாது, டர்போ விற்பவர்களோடு முடியும்.

பிடித்தேன். அந்தச் சோடியைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கிடைப்பதெல்லாம் பழையது, இல்லாவிட்டால் நகல். ஒரிஜினல் என்று சத்தியம் செய்து ஒருவர் அனுப்பிய பெட்டியைத் திறந்ததும், நானா விரல் நுனியால் சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார். பீங்கான் இல்லை, இரும்பு. ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைத்த சோடியில் ஒன்று சரி, மற்றது வேறொரு காருடையது. ஒருவர், இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய டர்போ ஒன்றைப் போட்டால் இதைவிடப் பறக்கும் என்றார். நானா போனை வாங்கிப் பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டு பேர் சேந்து பாடுற பாட்ட ஒருத்தன் கத்திப் பாடினாச் சரி வருமா தம்பி?" நான் சொல்லியிருந்தால் இவ்வளவு மரியாதையாக இருந்திருக்காது.

இந்த நிலையில்தான் கனமூலைத் தாயின் பதில் வந்தது. அடுத்த சனிக்கிழமை நானாவை வேனில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனேன். பாலாவியில் திரும்பி, உப்பளங்களைத் தாண்டி, காற்றாலைகள் நிற்கிற பக்கமாகப் போகும் வீதி. வெங்காயம் பிடுங்கும் காலம், வேனுக்குள் நாள் முழுக்க அந்த வாசம்தான்.

அந்தத் தாயின் பெரியப்பாவை நாங்கள் காக்கா என்று கூப்பிட்டோம். அறுபதைத் தாண்டியவர், மெலிந்த மனிதர். வெங்காயச் செய்கையும் கருவாட்டு வியாபாரமும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களில் ஒருவர். எங்களை இருத்தித் தேத்தண்ணீர் தந்துவிட்டு, உள்ளறை அலுமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பாயில் வைத்து, சாரத் துணியை மடிப்பு மடிப்பாக விரித்தார். தேங்காய் எண்ணெய் வாசம் அறையை நிறைத்தது.

இரண்டு டர்போக்கள். ஒரு பொட்டுத் துருவில்லை. கற்பிட்டியில் இருப்பவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று விளங்கும். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பு நீர்க் களப்பு. மண்வெட்டியை மறந்து வெளியில் விட்டால் சிவந்துவிடும். கதவுப் பிணைச்சல் உதிரும். அந்த உப்புக் காற்றுக்குள் இவை இரண்டும் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தவை போலக் கிடந்தன. போன் வெளிச்சத்தைப் பிடித்து, தகட்டில் பொறித்திருந்த இலக்கத்தை நானாவுக்கு வாசித்தேன். அவருக்கு அதை வாசிக்கிற பார்வை அப்போதே இல்லை. உதட்டை அசைத்து என் பின்னால் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவர், கடைசி இலக்கத்தில் நிறுத்தி "அதுதான்" என்றார். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

காக்கா தன் கையைக் குறுக்கே வைத்தார்.

"குறை நினைக்க வாணாம் தம்பி. கை வைக்க ஏலாது. இது என்ட சாமான் இல்ல. அமானிதம்."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருள். வைத்திருப்பவர் அதைப் பாவிக்கக் கூடாது, விற்கக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் கேட்கும்போது கொடுத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுமையிலும் அதைப் பற்றிக் கேள்வி உண்டு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்டு வளர்ந்தேனே தவிர, இப்படி ஒருவரைக் கண்ணால் கண்டதில்லை.

ஒப்படைத்தவர் உடப்பைச் சேர்ந்த ஒரு தமிழர். மீன் காலத்தில் கற்பிட்டிக் கரையில் வாடி, அதாவது ஓலைக் குடில், போட்டுத் தங்குகிறவர், அதில் வந்த சிநேகிதம். பிறகு ஜப்பானுக்குப் போய், பழைய கார்களை உடைத்துப் பிரிக்கிற யார்டு ஒன்றில் வேலை செய்திருக்கிறார். ஒருமுறை லீவில் வந்தபோது இவற்றைக் கொண்டுவந்து, "என்ட வீட்டுல வெச்சாப் பிள்ளையள் உருட்டும், நீங்க வெச்சிருங்க, வந்து எடுக்கிறன்" என்று கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவர்தான். பிறகு தகவலில்லை. காக்கா உடப்புக்குத் தேடிப் போனபோது வீடு பூட்டியிருந்ததாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காக்கா, வராத மனுசனுக்காக இரும்ப அலுமாரிக்குள்ள வெச்சி ஆருக்கு என்ன நன்மை? இவருக்குக் கண் போயிட்டே இரிக்கி. இன்னும் கொஞ்ச நாள்ல ரோடே தெரியாது!"

காக்கா கோபிக்கவில்லை. துணியின் மடிப்பைச் சரிசெய்தபடி சொன்னார்: "மகள், நாங்க மன்னார உட்டு வரக்குள்ள வீட்டுச் சாமான் அவ்வளத்தையும் அப்புடியே போட்டுட்டு வந்த. சண்ட முடிஞ்சி போய்ப் பாத்தா வீட்டுல கதவு நிலையும் இல்ல. அந்த நிப்பு எப்புடி இரிக்கும் எண்டு எனக்குத் தெரியும். இந்த மனுசன் ஒருநாள் வந்து என்ட வாசல்ல அப்புடி நிக்கக் கூடாது."

நானா என் கையைப் பிடித்து அழுத்தினார். "அவர் சொல்றது சரி தங்கச்சி. எழும்பு." பாலாவி உப்பளம் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை. என் வேனில் ஏறும் பிள்ளைகள் அதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். கோபம் ஒரு பக்கம், மறுபக்கம் அந்த மனிதரை நினைக்க உடம்பு சிலிர்த்தது.

பள்ளிக்கூட லீவு விட்டதும் உடப்புக்குப் போனேன். கடற்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். அந்த மனிதர் ஜப்பானிலேயே மாரடைப்பில் போய்விட்டார் என்றும், மனைவி முன்னேஸ்வரப் பக்கம் தாய் வீட்டோடு போய்விட்டார் என்றும் சொன்னார்கள். கோயில் வீதியில் அர்ச்சனைத் தட்டும் தேசிக்காய் எலுமிச்சையும் விற்கிற கடையாம். அங்கிருந்து அப்படியே வண்டியைத் திருப்பினேன்.

புது வாகனங்களைப் பூசைக்குக் கொண்டுவருகிறவர்கள் சில்லுக்குக் கீழே வைக்கத் தேசிக்காய் வாங்குகிற கடை அது. கல்லாவில் இருந்த அக்கா என் வேனைப் பார்த்துவிட்டு, நானும் பூசைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நாலு தேசிக்காயை எடுத்து நீட்டினார். பிறகு என் முக்காட்டைக் கவனித்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கிய பிறகு போனில் படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இந்தச் சனியனப் பத்தித்தானே போன்ல ஒரே கதை," என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. "காரை உடைக்க முந்தி ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் கேப்பாராம் தங்கச்சி. அங்க எல்லாரும் சிரிக்கிறதாம். இவ்வளவு நல்லாப் பாடுறதச் சத்தம் கேக்காமக் கொல்ல மனம் வரல்ல எண்டுவார். கடைசியில சின்னப் பெட்டியொண்டுல சாம்பலாத்தான் வந்தார். இந்தச் சாமான் எங்க இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

நான் நானாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை. "எடுங்க. ஓடுறதுக்குத்தானே அவர் உடைக்காம எடுத்து வெச்சது." விலைக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பக்கமும் மனம் நிறைந்தது, அது போதும்.

அங்கிருந்தே காக்காவுக்குப் போன் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். காக்கா முதலில் துக்கம் விசாரித்தார். சிநேகிதன் செத்த செய்தி அவருக்கு அப்போதுதான் தெரியும், குரல் உடைந்துபோயிற்று. பிறகு என்னிடம் வந்து, அக்கா சம்மதித்தது போதாது என்றார். "போன்ல குடுக்க ஏலாது மகள். கையில வாங்கின, கையிலதான் குடுக்கணும்." இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் அக்காவை முன்சீற்றிலும் நானாவைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்கு ஓடினேன்.

காக்கா வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி அணிந்து நின்றார். பொட்டலத்தை ஏந்தி அக்காவின் இரண்டு கைகளிலும் வைத்து, "உங்கட புருசன் என்னை நம்பித் தந்த. இப்ப இறக்கி வெக்கிறன்" என்றார். அக்கா பாரம் தாங்காமல் கொஞ்சம் குனிந்தார், ஆனாலும் யாரையும் பிடிக்கவிடவில்லை. துணியோடு நெஞ்சில் சாய்த்து வைத்திருந்துவிட்டு, நானாவின் பக்கம் திரும்பிக் கொடுத்தார். ஒரு எஞ்சின் சாமான் கைமாறுவதைப் பார்த்து நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் வேனை விட்டு இறக்கியிருப்பேன்.

நானா பாயில் அமர்ந்து ஒன்றை மடியில் வைத்தார். விரல்களால் ஓடு, குழாய் வாய், விளிம்பு என்று வழி தேடிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டார். பீங்கான். அவர் முகம் மலர்ந்ததை மூன்று பேரும் பார்த்தோம். பிறகு மெல்லச் சுழற்றினார். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மற்றதை எடுத்தார். அதுவும் அசையவில்லை.

"என்ன தம்பி?" என்றார் காக்கா.

"சுத்துதில்ல காக்கா. இறுகிப் போயிரிக்கி. உள்ளுக்கு என்ன உட்டீங்க?"

"துருப் புடிக்கக் கூடாதெண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மாவுக்குப் போக முந்தி தேங்காண்ண உட்டன். நல்ல சுத்தமான எண்ண, எங்கட வளவுத் தேங்கா."

தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பசையாகிவிடும் என்பது பூட்டுக்கு எண்ணெய் விட்ட எல்லோருக்கும் தெரியும். நான் கேட்டேன்: "இத்தன வருஷத்துல ஒருக்காவாவது சுத்திப் பாக்கல்லயா காக்கா?"

"சுத்தினா அது பாவிக்கிற தானே மகள்? என்ட சாமான் இல்லையே."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சுழற்றினால் நம்பிக்கைத் துரோகம் என்று சுழற்றாமலே காத்த மனிதர், அதனாலேயே அதைக் கட்டிப்போட்டிருக்கிறார். காக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிலத்தில் இருந்தார். முகத்தில் இரத்தமில்லை. "கெட்ட சாமானையா நான் திருப்பிக் குடுத்த?" என்று தனக்குள்ளேயே கேட்டார். அக்கா அவருக்கு எதிரே வந்து இருந்து, "அண்ணே, துருவில்லாம வெச்சிருக்கீங்களே, வேற ஆர் வெப்பாங்க?" என்றார். காக்காவுக்கு அது காதில் விழவில்லை. மன்னாரில் எல்லாம் போனபோதுகூட அவர் இப்படி இருந்திருப்பாரோ தெரியாது.

நானா மட்டும் பதறவில்லை. "கெடல்ல காக்கா. ஒட்டியிரிக்கி. பாப்பம்" என்று துணியைச் சுற்றிக்கொண்டு எழும்பினார். அக்காவை இறக்கிவிடும்போது, அவர் நானாவின் கையில் ஒரு தேசிக்காயைத் திணித்து, "தேத்தண்ணிக்குப் புழிஞ்சிடாதீங்க" என்றார்.

அதன் பிறகு என் பிரியாணித் தாச்சி கராஜுக்குப் போனது. திரும்பி வரவேயில்லை. அதில் மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டையும் அமிழ்த்தி, வெயில் படும் இடத்தில் வைத்தார். மண்ணெண்ணெய் பழுப்பாகும், மாற்றுவார். மறுபடி பழுப்பாகும். ஒருநாளும் பலம் போட்டுத் திருப்பவில்லை. பீங்கான் விளிம்பில் ஒரு சிறு துண்டு தெறித்தாலும் கதை முடிந்தது. அந்த நாட்களில் அவர் பார்வை இன்னும் சுருங்கியது, குழாய்க்குள்ளால் பார்ப்பது போல இருக்கிறது என்றார். நான் டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் வேலை செய்வார். அவசரப்படுங்கள் நானா என்று கத்த வேண்டும் போலிருக்கும். அந்த விரல்களைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும். இத்தனை பொறுமை ஒரு மனிதனுக்குள் எங்கே இருக்கிறது என்று நான் மலைத்துப்போய் நிற்பேன்.

காக்கா ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பார். "அசையுதா?" இல்லை என்றால் உடனே வைத்துவிடுவார். ஒருநாள் போன் வரவில்லை, அவரே வந்தார். பஸ்ஸில், ஒரு மூட்டை வெங்காயத்தோடு. கராஜில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா அன்று ஒன்றை வெளியே எடுத்துத் துடைத்து, எஞ்சின் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைக் காக்காவின் பக்கம் நீட்டினார்.

"ஊதுங்க காக்கா."

"நானோ? வாணாம் தம்பி."

"இப்ப இது என்ட சாமான். நான் சொல்றன், ஊதுங்க."

காக்கா கையைச் சாரத்தில் துடைத்தார். பிஸ்மி சொன்னார். சூடான தேத்தண்ணீரை ஆற்றுவது போல, உதட்டைக் குவித்து, பயந்து பயந்து ஊதினார். சக்கரம் அசைந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு அதன் இதழ்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் மினுக்கமாகிவிட்டன. சத்தமேயில்லை. அவர் ஊதி முடித்த பிறகும் அது நிற்கவில்லை. "சுப்ஹானல்லாஹ்" என்று சொன்னது காக்காவா, நானாவா என்று எனக்கு நினைவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த அதிசயம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அத்தனை வருட எண்ணெய்க்குள் சிறையிருந்த ஒன்று, அதைச் சிறை வைத்தவருடைய மூச்சிலேயே விடுதலையானது. காக்கா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அழுது முடிந்ததும் பசிக்கிறது என்றார். அவர் கொண்டுவந்த வெங்காயத்தையே வெட்டி முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

இரண்டாவதும் சில நாட்களில் விட்டுக்கொடுத்தது. இரண்டையும் நானா தானே எஞ்சினில் பூட்டினார். ஒவ்வொரு குழாயும் எங்கே போகும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. எஞ்சின் உயிர் பெற்ற பின்னேரம், அடுத்த நாள் சுபஹ் தொழுகைக்குப் பிறகு போவோம் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த அளவு பார்வையோடு எப்படி ஓட்டப்போகிறார் என்று பயம். ஆள் இல்லாத வீதி, பக்கத்தில் நான் இருப்பேன், வாயால் வழி சொல்வேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் ஆசை அது. அதற்காகத்தானே இத்தனை ஓட்டம்.

விடிந்து வெளிச்சம் வந்ததும் கொட்டகைக் கதவைத் திறந்தோம். டாஷ்போர்டில் முன்னேஸ்வரத்துத் தேசிக்காய் வாடிப்போய் இருந்தது. நானா காரின் உடம்பைத் தடவிக்கொண்டே போய் இடது பக்கக் கதவைத் திறந்தார்.

"நானா, ஸ்டியரிங் இந்தப் பக்கம்," என்று சிரித்தேன். கண் ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் ஏறி இருந்து பெல்ட்டைப் போட்டார். "தெரியும். நீ ஏறு."

விளங்காமலே வலது பக்கம் ஏறினேன். நானா நெட்டை, நான் குள்ளம். அந்தக் காரின் சீற்று எப்போதும் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கும். இப்போது என் கால் பெடலில் சரியாகப் போய் உட்கார்ந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், பின்வழி முழுதாகத் தெரிந்தது. எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

"இத எப்ப மாத்தினீங்க?"

"டாக்டரிட்டப் போயிட்டு வந்த அண்டே."

கண்ணைத் துடைத்தேன். "நீங்க ஓட்டணும் எண்டுதானே நான்..."

"நான் ஓட்டணும் எண்டு நான் எப்ப சொன்னன்? கார் ரோட்டுல போகணும் எண்டுதான் சொன்னன். கண்ணில்லாதவன் ஓட்டினா பாவம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்." பிறகு மெல்லச் சொன்னார்: "உன்ட உயரம் எனக்குத் தெரியாதா? சைக்கிள் சீற்றப் பதிச்சித் தந்ததும் நான்தானே. அழுதது போதும், கிளச்ச மிதி."

பாலாவி தாண்டும்வரை வேன் போலவே ஓட்டினேன். உப்பளங்கள் போயின. காற்றாலைகள் தெரியத் தொடங்கியதும் வீதி நேராகி வெறிச்சோடிக் கிடந்தது. நானா கண்ணை மூடிக்கொண்டார்.

"மூண்டுல போடு. பொறு. இப்ப மிதி."

மிதித்தேன். முதலில் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. அது ஏறி ஏறி ஓர் இடத்தில் தயங்கியது, கார் மூச்சை உள்ளே இழுத்தது போல ஒரு கணம். "வருது," என்றார் நானா. இரண்டாவது வந்து சேர்ந்தது. என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது, யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன். புகை சுழற்றிய பீங்கான், காக்காவின் மூச்சுப் பட்ட சக்கரம், முன்பின் தெரியாத ஒரு மனிதன் உடைக்க மனமில்லாமல் எடுத்து வைத்த சத்தம், எல்லாம் சேர்ந்து எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு போயிற்று. நானா வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரிடம் போய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவேயில்லை.

வேகத்தைக் குறைத்து ஓரமாக எடுத்தேன். நானா கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொருக்கா," என்றார்.

பின்னால் வாகனம் ஏதும் வருகிறதா என்று அவர் திருப்பி வைத்த கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மீண்டும் மூன்றில் போட்டேன்.